ஈரல் கூப்பிட்ட ஆட்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுகமாகவில்லை. சுகமாகி வீட்டுக்கு வந்து, எல்லோரும் தைரியமாக இருங்கள் என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. போன கிழமை என் வயிற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊசி போட்டு இறக்கினார்கள். அது திரும்ப ஊறி வர இரண்டு மூன்று கிழமை ஆகும். அதுவரைக்கும் குனிந்து உட்கார முடியும். அதனால் எழுதுகிறேன்.

என் நோய்க்கு ஒட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ் என்று பெயர். நம்மைக் காக்க வேண்டிய இரத்தக் கலங்களே ஈரலுக்குள் புகுந்து அதை அழிப்பது. குடித்ததால் வந்தது இல்லை. ஊரில் அப்படியும் கதைத்தார்கள். சோடாவைத் தவிர வேறு போத்தல் திறக்காத ஒருத்தியைப் பற்றி அப்படிக் கதைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் என் கணவர் சாய்ந்தமருதுக் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நானும் எட்டு வயது மகள் ஹஸ்னாவும் மெயின் ரோட்டுக்கு மேற்கே என் மூத்த சகோதரன் காக்காவின் வீட்டில் நின்றோம். அதனால் பிழைத்தோம். மூன்றாம் நாள் அவருடைய மையித்து கிடைத்து அடக்கினோம். எங்கள் வீட்டில் கிணற்றுக் கட்டு மட்டும் மிச்சம்.

கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மறுமணம் இல்லை, அலங்காரம் இல்லை, தேவையில்லாமல் வெளியே போவதில்லை. மார்க்கம் சொல்வது அவ்வளவுதான். எங்கள் ஊர் அதற்கு மேல் தன் பங்கைச் சேர்த்து வைத்திருக்கிறது. அறையை விட்டு வரக்கூடாது. சன்னல் திறக்கக்கூடாது. அந்நிய ஆண் முற்றத்தில் நின்றால் இருமக்கூடாது. சுனாமியில் ஊரே தரைமட்டமானது, இந்தச் சட்டங்களில் ஒன்றும் அள்ளுப்பட்டுப் போகவில்லை.

என்னைக் காக்கா வீட்டின் பின்னறையில் வைத்தார்கள். காக்கா வீடு என்று சொல்கிறேனே தவிர அது அவருடைய மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும், மாப்பிள்ளைதான் போய் இருப்பார். ஆகவே அங்கே என்னைப் பெற்ற உம்மாவும் நானும் ஒதுங்க வந்தவர்கள். சம்பந்தி வீட்டில் மகளை வைத்து இத்தா காக்கிறேன், ஒரு குறை சொல்ல விடமாட்டேன் என்று உம்மா பிடிவாதமாக இருந்தார். சன்னலில் ஒரு பழைய படுக்கை விரிப்பை ஆணி அடித்து மாட்டினார்.

முதல் மாதமே களைப்பு தொடங்கியது. புருஷன் செத்தவளுக்குக் களைப்பு வராதா என்று நானே நினைத்தேன். பிறகு அரிப்பு. தோலுக்கு மேலே இல்லை, உள்ளே, சொறிந்தால் எட்டாத இடத்தில். சோற்றைக் கண்டால் குமட்டல். சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனது. அந்த இருட்டில் என் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஹஸ்னா மட்டும் ஒரு நாள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சம் விட்டு என்னைப் பார்த்தாள்.

"உம்மா, ஒங்கட கண் மஞ்சளா இரிக்கி."

என் உம்மா விரிப்பை இழுத்து விட்டார். "சும்மா இருகா. எட்டு வயசுப் புள்ளக்கி என்ன தெரியும்? அழுது அழுது வந்த நிறம் அது."

அந்த நாட்களில் வைத்தியக் குழுக்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்துகொண்டிருந்தன. அகதி முகாம்களில் காய்ச்சல், வயிற்றோட்டம் பரவும் என்று பயந்து வீடு வீடாகக் கேட்பார்கள். ஒரு நாள் எங்கள் வேலிப் படலையிலும் வந்து நின்றார்கள். அறைக் கதவுக்குப் பின்னால் நான் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"வீட்டுல சுகமில்லாத ஆரும் இரிக்காங்களா?" ஒரு இளம் ஆணின் குரல்.

"இல்ல தம்பி. எல்லாரும் நல்ல சுகம்," என்றார் உம்மா.

"பொம்புளையள்?"

"மகள் ஒராள் இத்தா இரிக்கா. அவவுக்கு ஒண்டுமில்ல."

"லேடி டொக்டரும் வந்திரிக்காங்க, உம்மா. அவ வெளியில வரத் தேவல்ல. டொக்டர் உள்ளுக்கு வந்து பாப்பாங்க."

"தேவல்ல தம்பி. தேவல்ல."

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் அந்தப் பெண் டொக்டருக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவும் பதினைந்து அடி மண்ணும் இருந்தன. கதவுக்குப் பூட்டு இல்லை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்நிய ஆண் நிற்கும்போது இருமக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். உம்மா மேல் எனக்குக் கோபம் என்று இனி வரும் இடங்களில் எழுதுவேன். என் மேல் எனக்கு இருப்பது அதைவிடப் பெரிது.

இத்தா முடிந்த நாளில் என் கணவரின் அக்கா அக்கரைப்பற்றிலிருந்து வந்தார். மதினி அங்கே மிட்வைஃப் வேலை பார்க்கிறவர். சலாம் சொல்லி அறைக்குள் வந்தவர் முதலில் செய்த வேலை அந்தச் சன்னல் விரிப்பைப் பிடுங்கியதுதான். திரும்பி என்னைப் பார்த்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, இது கண்ணா, மஞ்சக் கிழங்கா?"

"கவலையில சாப்பாடில்ல புள்ள. அதான்," என்றார் உம்மா.

"கவலையில கண் செவக்கும் மாமி. மஞ்சளாகாது. எந்திரி ஃபரீதா. அபாயாவப் போடு."

"விருந்துச் சோறு வெச்சிரிக்கி. ஆக்கள் வாறாங்க."

"வாற ஆக்கள் தின்னட்டும். எழும்புகா!"

அப்படித்தான் நாலு மாதத்துக்கு மேல் பொறுத்து நான் முதன்முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முச்சக்கர வண்டியில் வெயில் முகத்தில் பட்டபோது வாந்தி எடுத்தேன்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எல்லோரும் நினைத்தது முகாம் தண்ணீரில் வந்த மஞ்சள் காமாலை என்று. அந்த நேரம் அது நியாயமான நினைப்பு. இரத்தம் எடுத்தார்கள். அந்தக் கிருமி இல்லை என்று வந்தது. வேறு கிருமிக்குப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வராந்தா வாங்கில் காத்திருப்பது ஒரு தனி நோய். முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, இவருக்கு என்னைவிட மோசமாக இருக்க வேண்டும் என்று மனம் வேண்டிக்கொள்ளும். நல்ல மனம் என்று சொல்லவில்லை. அப்படித்தான் வேண்டிக்கொள்ளும்.

பக்கத்துக் கட்டிலில் தமிழர் ஊரான வீரமுனையிலிருந்து வந்த அக்கா ஒருவர். அவருக்கும் ஈரல்தான், வயிறு பெருத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே அவருடைய ஆட்களும் எங்களுடைய ஆட்களும் கதைக்காத காலம் அது. வார்ட்டுக்குள் அவர்தான் எனக்குத் தலை வாரிவிட்டார். என் இத்தாக் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"உங்கட ஆக்கள் புருஷன் செத்தா அறைக்குள்ள வைப்பாங்க. எங்கட ஆக்கள் மூலைக்குள்ள வைப்பாங்க. கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே வாட்டுத்தான் புள்ள."

நான் ஒரு நாள் ஸ்கான் எடுத்துவிட்டு வந்தபோது அவருடைய மெத்தை மடித்து வைக்கப்பட்டிருந்தது. நேர்ஸிடம் கேட்டேன். "போயிட்டாங்க," என்றார். எங்கே என்று கேட்கவில்லை.

மதினி ஒவ்வொரு வெள்ளியும் வருவார். ஒரு வெள்ளி வந்து உம்மாவுக்கு முன்னாலேயே சொன்னார்:

"நான் மௌலவிக்கிட்டக் கேட்டன் மாமி. இத்தாவுல மருந்துக்குப் போகலாம், வருத்தம் கடுமையெண்டா போகத்தான் வேணும் எண்டார். 'ஏன் புள்ள, அண்டைக்கே ஆராச்சும் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே' எண்டு அவர் என்னக் கேக்கார்."

உம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு இருந்தார். யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். பயொப்ஸி என்பது அதுதான். மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொள் என்பார்கள். டக் என்று ஒரு சத்தம். தோள்மூட்டில் வலிக்கும். ஈரலைக் குத்த ஏன் தோள் வலிக்கிறது என்று தெரியவில்லை. ஆறு மணித்தியாலம் வலப்பக்கமாகப் படுக்க வேண்டும், அசையக்கூடாது. எனக்கு அசையாமல் இருக்கப் பழக்கம் இருந்தது.

முடிவு வந்தபோது தமிழ் கதைக்கிற டொக்டர் ஒருவர் உம்மாவையும் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். படுவான்கரைப் பக்கத்து ஆள், வயல் குடும்பம்.

"தங்கச்சி, இரத்தத்தில லிம்போசைட் எண்டு வெள்ளைக் கலங்கள் ஓடித் திரியுது. கிருமி வந்தா அதுகள்தான் அடிக்கும். ஒரு இடத்தில காயம் எண்டா அந்த இடம் ஒரு இரசாயனத்தை விட்டுக் கூப்பிடும். லிம்போசைட்டிட மேல வாங்கிகள் இருக்கு. காது எண்டு வச்சுக்கொள்ளுங்க. அந்தக் கூப்பாட்டுக்கெண்டே உள்ள காது. கேட்ட உடன இரத்தக் குழாய்ச் சுவரில ஒட்டி, நெளிஞ்சு உள்ள போயிரும்."

"வயல்ல வேளாம வெட்டுக்கு ஆள் கூப்புடுற மாதிரியா?" என்றேன்.

"அதேதான். ஆனா வெட்டு முடிஞ்சா ஆள் போகணுமே. உங்கட ஈரலுக்குள்ள போனவங்க போகல்ல. பயிர வெட்டுறாங்க, வரம்ப வெட்டுறாங்க, நாத்தையும் வெட்டுறாங்க. அடிபடுற ஈரல் இன்னும் கூப்பிடுது. இன்னும் ஆள் வருது."

"என்னத்துக்குக் கூப்பிடுது? கிருமி ஒண்டும் இல்லயே."

"தெரியாது தங்கச்சி. முதல் கூப்பாடு ஏன் வந்ததெண்டு ஆருக்கும் தெரியாது."

"அந்தக் காத அடைக்க மருந்து இல்லியா?"

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. "அதைத்தான் உலகம் முழுக்கத் தேடுறாங்க. ஈரலுக்குப் போற காதை மட்டும் அடைக்கிற மருந்து. இப்ப எங்களிட்ட இருக்கிறது எல்லாக் காதையும் சேர்த்து அடைக்கிறதுதான். அதால வேற கிருமி வந்தாலும் உடம்புக்குக் கேக்காது. கவனமா இருக்கோணும்."

பிறகு கொப்பியை எடுத்தார். "கண் மஞ்சளாகி எவ்வளவு நாளைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"ரெண்டு கிழம," என்றார் உம்மா. நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"மூணு மாசம்," என்றேன் நான்.

டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். மூன்று மாதம் என்று எழுதினார். ஈரலில் ஏற்கெனவே தழும்பு விழுந்துவிட்டது என்றார். சிரோசிஸ். தழும்பு விழுந்த இடம் திரும்ப ஈரலாகாது. அந்த மூன்று மாதத்தில்தான் விழுந்ததா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல ஏலாது. அதுக்கு முதலே சத்தமில்லாமத் தொடங்கியிருக்கலாம். வெள்ளன வந்திருந்தா நல்லது. எவ்வளவு நல்லது எண்டு என்னால சொல்ல ஏலாது."

எனக்கு அவர் ஒரு கணக்குச் சொல்லியிருக்க வேண்டும். முழுப் பழியும் உம்மா மேல் என்றோ, இல்லை என்றோ. இரண்டும் இல்லாமல் அனுப்பிவிட்டார். அன்று பஸ்ஸில் உம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். மகியங்கனை கடந்ததும் உம்மா ஒரு தோடம்பழத்தை உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக என் கையில் வைத்தார். தின்றேன். கோபத்தோடும் பசி எடுக்கும்.

அந்தப் பசி பிறகு வேறு மாதிரி ஆனது. பிரட்னிசலோன் என்று அவர்கள் தந்த குளிசை மாத்திரை பேய்ப் பசியைத் தரும். கண் வெளுத்தது, அரிப்புப் போனது. பதிலுக்கு முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது, தாடையில் மயிர் முளைத்தது, இடுப்பெலும்பு நொந்தது. ஹஸ்னா சில நாள் என்னைப் பார்க்காமல் கதைத்தாள். அவளுக்கு வாப்பா போனார், இப்போது உம்மாவின் முகமும் போனது.

அதற்குள் நின்றிருந்த யுத்தம் திரும்பத் தொடங்கிவிட்டது. கண்டி கிளினிக்குக்குப் போகிற வழியெல்லாம் செக் பொயின்ட். ஒவ்வொன்றிலும் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏற வேண்டும். என் அட்டையில் இருப்பது கல்யாணத்துக்கு முன் எடுத்த படம். மெலிந்த முகம், பெரிய கண். ஒரு முறை ஒரு பெண் சிப்பாய் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அரைகுறைத் தமிழில் கேட்டாள்.

"இது யார்?"

"நான்."

"இல்ல. இது நீ இல்ல. இது வேற நோனா, வேற பொம்புள."

"நான்தான். குளிசை திண்ட மூஞ்சி," என்று கிளினிக் கொப்பியை நீட்டினேன்.

பஸ் முழுக்க எனக்காகக் காத்து நின்றது. பின்னால் ஒருவன் "சீக்கிரம் பாத்து வுடுங்கப்பா, பூசணிக்காக்குள்ள என்னத்த ஒளிக்கிற?" என்றான். சிலர் சிரித்தார்கள். உம்மா வரிசையை விட்டுப் போய் அவன் முன்னால் நின்றார். "அவ என்ட மகள். இந்த மூஞ்சி அவக்கு வந்தது என்னால. சிரிக்கிற எண்டா என்னப் பாத்துச் சிரி." அவன் தலை குனிந்தான். அந்தச் சொல் உம்மாவின் வாயில் வந்தது அன்று ஒரு தரம்தான். என்னிடம் சொல்லவில்லை. யாரோ ஒருவனிடம் சொன்னார். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாதை மூடினால் கிளினிக் தவறும். குளிசை முடிந்தால் பாதியாக உடைத்து விழுங்குவேன். அப்படி உடைத்து விழுங்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

நாலு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலை பல் தீட்டும்போது இரத்தமாக வாந்தி எடுத்தேன். கறுப்பு, கட்டி கட்டியாக. ஈரல் இறுகிப் போனால் அதற்குள் போக வேண்டிய இரத்தம் வழி தெரியாமல் உணவுக் குழாயின் நாளங்களில் ஏறிப் புடைக்கும். ஒன்று வெடித்தது. வாய்க்குள் குழாய் விட்டு, புடைத்த இடங்களை ரப்பர் வளையத்தால் கட்டினார்கள்.

நான் கண்டி வார்ட்டில் கிடந்த அந்தக் கிழமைதான் யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். கட்டில் கட்டிலாகப் பாற்சோறு கொண்டுவந்தார்கள். என்னால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அது முடிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், பஸ்ஸில் இனி இறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அடுத்த நாள் பெரிய டொக்டர் வந்து, இனி வேறு ஈரல் வைத்தால்தான் என்றார். அதை எங்கே செய்வார்கள் என்று கேட்டேன். வெளிநாட்டுப் பெயர் ஒன்று சொன்னார். சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் அட்டையில் எழுதினார். எவ்வளவு காலம் என்றேன். வருடக்கணக்கில் நினைக்காதே என்றார்.

என் சாவைப் பற்றி எனக்குப் பயம் குறைவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, களைத்துவிட்டேன். ஹஸ்னாவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. நான் போனால் அவள் உம்மாவிடம் வளர்வாள். உம்மா அவளுக்கு முடி பின்னுவார், மீன் முள் எடுத்துக் கொடுப்பார், உயிரைக் கொடுப்பார். ஒரு நாள் அவளுக்கு ஏதாவது வந்து, வெளியே சொன்னால் ஊர் என்ன கதைக்கும் என்று ஒரு நிலைமை வந்தால், படலையில் வந்து கேட்பவனிடம் எல்லாரும் சுகம் என்று சொல்வார். அன்பாகவே சொல்வார். இதை நான் நாலு வருடம் யோசித்திருக்கிறேன்.

அதனால் மதினியைக் கூப்பிட்டு, ஹஸ்னாவை அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நான் செத்த பிறகு இல்லை. இப்போது. பிறகென்றால் என் பேச்சுக்கு ஆள் இருக்காது, காக்காவும் உம்மாவும் விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் மாற்ற நான் கையெழுத்து வைக்க வேண்டும், கை இன்னும் எழுதுகிறது.

"நீங்க இரிக்கிற வரைக்குமாவது இரிக்கிறனே, உம்மா," என்றாள் மகள்.

"நான் கிடக்கிறதப் பாத்து ஒனக்கு என்ன வரப்போகுது? போ."

"மூத்தம்மா பாவம்." என் உம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஓம். பாவம்தான். போ."

உம்மா குசினி வாசலில் நின்றார். மகள் பையை அடுக்கப் போனதும் கிட்ட வந்தார்.

"என்னப் பழி வாங்குறியா, ஃபரீதா?"

"ஓம். கொஞ்சம்."

"மத்தது?"

"மத்ததெல்லாம் பயம்."

முந்தாநாள் மதினி வந்து கூட்டிப் போனார். ஹஸ்னா என்னைக் கன்னத்தில் கொஞ்சினாள். உம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் அழவில்லை. பஸ் ஏறி யன்னல் பக்கம் இருந்தாளாம், திரும்பிப் பார்க்கவில்லையாம். காக்கா வந்து சொன்னார். என்னிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. பிழையென்றால் திருத்த எனக்குக் காலமும் இல்லை. இதை வாசிக்கிற பெண்களே, கதவுக்குப் பின்னால் நின்றால் இருமுங்கள். சத்தமாக இருமுங்கள். எனக்கு அதற்கு மேல் புத்தி சொல்லத் தெரியவில்லை.

நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா கஞ்சி கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கஞ்சியை ஆற்றினார்.

"அங்க அவளுக்குக் காய்ச்சல் வந்தா எனக்குச் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

"முதல்ல டொக்டருக்குச் சொல்லுவாங்க. பொறகு ஒங்களுக்கு."

"ஓம்," என்றார் உம்மா. "அதுதான் சரி."

பிறகு என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கணுக்கால் வீக்கத்தில் பெருவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அது மெதுவாக நிரம்பி மேலே வரும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.